பட்டுத் தெறிக்கும் வெளிச்சம், நிற்காத நொடி: போன் கேமராவில் பிடிப்பதற்கு முழுமையான வழிகாட்டி

கிருஷ்ணகிரியில் எங்கள் தெருப் பிள்ளைகள் நாலைந்து பேர் ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னோடு படம் எடுக்க வருவார்கள். புதிதாக யார் வந்தாலும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். ஏதாவது கண்ணில் பட்டதும் போனைத் தூக்குகிறார்கள். கேமராவைத் திறந்து குறி பார்ப்பதற்குள் அது முடிந்துவிடுகிறது. "போச்சுண்ணா" என்று என் முகத்தைப் பார்ப்பார்கள்.

கை வேகம் போதவில்லை என்று அவர்கள் நினைக்கிறார்கள். கை வேகமாகத்தான் இருக்கிறது, வரிசைதான் தலைகீழ். முதலில் சுவரிலோ தண்ணீரிலோ கண்ணாடியிலோ பட்டுத் திரும்பி வரும் வெளிச்சம், அடுத்து பின்னணி, பிறகு கேமராவின் அளவுகள், கடைசியில்தான் ஆள். இந்த வரிசையில் ஒரு படியை விட்டுவிட்டால் அடுத்த படி கைகொடுக்காது.

1. கிளம்பும் முன்

பழைய பருத்தித் துணி ஒரு துண்டு சட்டைப் பையில் இருக்கட்டும். வெளிச்சம் பட்டுத் தெறிக்கும் இடத்தில், லென்ஸ் மேல் உள்ள விரல் பிசுக்கு படம் முழுக்கப் பனிமூட்டம் போலப் பரவும். சாதாரண வெயிலில் தெரியாத அழுக்கு இங்கே தெரிந்துவிடும். ஒரு தடவை ஒகேனக்கல்லில் சாரல் பட்ட லென்ஸைத் துடைக்காமலே ஒரு மணி நேரம் எடுத்தேன். அறுபது படமும் மங்கல். அதில் ஒரு பையன் பாறையிலிருந்து குதித்து அந்தரத்தில் நிற்கும் படமும் ஒன்று.

கேமராவை ஒரே அசைவில் திறக்கப் பழகுங்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் பவர் பொத்தானை இரண்டு தட்டு தட்டினால் திறக்கும். அந்த அமைப்பு அணைந்திருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். ஒலிப் பொத்தானில் படம் எடுக்க முடியுமா என்றும் பாருங்கள். திரையைத் தொட்டு எடுப்பதைவிடக் கை குறைவாக ஆடும்.

எடுக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தால் சில போன்களில் தொடர் படம் வரும், சிலவற்றில் வீடியோ ஓடும். உங்களுடையது எது என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். தெருவில் போய்க் கண்டுபிடிக்கிற விஷயம் இல்லை அது.

ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். பட்டு வரும் மென்மையான வெளிச்சத்தை அது ஒரே அடியில் தட்டையாக்கிவிடும். பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் மோடும் இந்த வேலைக்கு ஆகாது. ஆவி, புகை, தலைமுடி இவற்றின் ஓரத்தைத் தப்பாக வெட்டிவிடும்.

2. வீட்டு வாசலில் ஒரு மணி நேரம்

தெருவுக்குப் போகும் முன் இதைச் செய்துவிடுங்கள். முக்கால்வாசிப் பேர் சலித்துக்கொள்வார்கள். செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் உள்ள வித்தியாசம் அடுத்த வாரமே படத்தில் தெரிந்துவிடும்.

வாசல் நிலைக்கு உள்பக்கம் வீட்டில் ஒருவரைப் பக்கவாட்டில் உட்கார வையுங்கள். வாசல் பக்கக் கன்னம் வெளிச்சம், மறுபக்கம் இருட்டு. இருட்டுப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்துப் பிடியுங்கள். கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பு மெதுவாகக் கரையும். துண்டை ஓரடி தள்ளினாலே பாதிக்கு மேல் குறைந்துவிடும்.

இப்போது துண்டுக்குப் பதில் எவர்சில்வர் தாம்பாளம். வாசலில் விழும் வெயிலில் அதைக் காட்டித் திருப்பினால் முகத்தில் ஒரு கூர்மையான பட்டை விழும், ஓரங்கள் நெளியும். கை ஒரு விரற்கடை திரும்பினால் பட்டை சுவருக்கு ஓடிவிடும். அடுத்து சிவப்பு பிளாஸ்டிக் வாளி. கன்னம் சிவப்பாகும்.

இந்த மூன்றில்தான் முழுப் பாடமும் இருக்கிறது. சுண்ணாம்புச் சுவர், துணி, மண் தரை போன்றவை வெளிச்சத்தை நாலாபக்கமும் சிதறடிக்கும். அது மென்மை, அவசரம் இல்லாதது. கண்ணாடி, எவர்சில்வர், தண்ணீர், பாலிஷ் போட்ட கிரானைட் போன்றவை ஒரே திசையில் திருப்பி அனுப்பும். அது கூர்மை, சில நொடிதான் இருக்கும். நிறமுள்ள பரப்பில் பட்டுச் சிதறி வந்தால் அந்த நிறத்தையும் கூட்டிக்கொண்டு வரும்.

இன்னொன்றையும் இங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். சுவரில் விழுந்த பட்டை நீங்கள் நகர்ந்தால் நகராது. தாம்பாளத்தில் தெரியும் மின்னல் நீங்கள் நகர்ந்தால் கூடவே நகரும். படத்தில் வேண்டியது பட்டை என்றால் நின்ற இடத்தில் நில்லுங்கள், மின்னல் வேண்டும் என்றால் தலையைச் சற்றே இப்படி அப்படி ஆட்டி இடம் தேடுங்கள்.

3. நேரம்

நம் பக்கம் சூரிய உதயம் ஜூன் தொடக்கத்தில் 5.50 சுமாருக்கும், ஜனவரி கடைசியில் 6.45-ஐ ஒட்டியும் இருக்கும். ஆனால் மலையடிவாரத் தெருக்களில் காலண்டரில் போட்ட நேரத்துக்கும் வெயில் வாசலுக்கு வரும் நேரத்துக்கும் இடைவெளி உண்டு. முந்தின நாளே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

விடிந்து முக்கால் மணி நேரத்துக்குள் தண்ணீர் இருக்கும் இடத்துக்குப் போங்கள். ஏரி, குட்டை, மழை பெய்த மறுநாள் ரோட்டுப் பள்ளம், எது கிடைத்தாலும் சரி. உச்சியில் சூரியன் இருக்கும்போது தண்ணீரில் விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு இரண்டு பங்குதான் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும். சூரியன் அடிவானத்திலிருந்து 10 டிகிரி உயரத்தில் இருக்கும்போது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு திரும்பும். கரையில் துணி துவைப்பவரின் முகத்தில் அலை நெளிவது அந்த நேரத்தில்தான். பாலிஷ் போட்ட கிரானைட் பலகைக்கும் இதே கணக்கு. வெயில் சாய்வாக விழுந்தால்தான் தெறிக்கும்.

உச்சி வெயில் ஆகாது என்பது பாதி உண்மைதான். ஏப்ரல் கடைசியை ஒட்டியும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தை ஒட்டியும் நண்பகலில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வரும், நிழல் காலடிக்குள் அடங்கும். அப்போது வெட்டவெளியில் முகம் எடுத்தால் கண் இரண்டும் குழி. திண்ணையில் உட்கார்ந்தவரை எடுத்துப் பாருங்கள். வெளியே மண் தரையில் விழுந்த வெயில் மேல்நோக்கி எழும்பி, திண்ணைக்குள் இருப்பவரின் முகத்தைக் கீழிருந்து நிரப்பும். செம்மண் வாசல் என்றால் இளஞ்சூடான நிறம். சிமென்ட் வாசல் என்றால் பளிச். தார் ரோடு ஒன்றும் தராது. பிப்ரவரி, மார்ச்சில் புளி உடைக்கும் பெண்களைப் பகல் பன்னிரண்டு மணிக்கு எடுக்கலாம் என்று நான் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

4. ஆளைத் தேடாதீர்கள், பட்டையைத் தேடுங்கள்

இந்தப் படியில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள். அதனால் ஒரே ஒரு டீக்கடையை வைத்து விளக்கமாகச் சொல்கிறேன்.

நான் போகும் கடைக்கு வடக்குப் பார்த்த வாசல். பக்கத்தில் மாடிக் கட்டடம். காலையில் நேர் வெயில் உள்ளே வராது. கடைக்குள் ஒரே இருட்டு, பாய்லரின் விளிம்பு மட்டும் மினுங்கும். மே மாதத்தில் ஒருநாள் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, மாஸ்டரின் முழங்கையிலிருந்து தோள்வரை திடீரென்று ஒரு தங்கப் பட்டை விழுந்தது. ஆவி முழுக்கப் பற்றி எரிவது மாதிரி இருந்தது. நான் கிளாஸைக் கீழே வைப்பதற்குள் அணைந்துவிட்டது.

மறுநாள் அதே பெஞ்சில் அதே நேரம் உட்கார்ந்தேன். ஏழு மணிக்கு வரவில்லை. ஏழு ஐந்துக்கு வரவில்லை. ஏழு பத்தைத் தாண்டியதும் டவுன் பஸ் வந்து கடைக்குச் சற்று முன்னால் நின்றது. கிழக்கே பார்த்து நின்ற பஸ்ஸின் முன் கண்ணாடியில் பட்ட வெயில் சாய்ந்து நேராகக் கடைக்குள். ஆள் இறங்கி ஏறும் வரை இருபது நொடி. டிரைவர் பஸ்ஸை எடுத்ததும் வெளிச்சமும் போய்விட்டது.

அதன் பிறகு எனக்கு வேகம் தேவைப்படவில்லை. பஸ் டைம் தெரிந்தால் போதும். இப்படித்தான் தேட வேண்டும். எதிர்பாராத இடத்தில் வெளிச்சம் விழுந்தால் படம் எடுக்க முயலாதீர்கள். திரும்பி, எதில் பட்டு வருகிறது என்று பாருங்கள். பஸ் கண்ணாடி, எதிர்வீட்டு ஜன்னல், பாத்திரக்கடைக்காரர் வாசலில் அடுக்கும் குடம், கிரானைட் பட்டறையில் சாத்தி வைத்த பலகை என்று ஏதாவது ஒன்று இருக்கும். அது நாளைக்கும் இருக்குமா என்று யோசியுங்கள். இருக்கும் என்றால் படம் உங்களுடையது.

சூரியன் நான்கு நிமிடத்துக்கு ஒரு டிகிரி நகர்கிறது. அதனால் அசையாத கண்ணாடியிலிருந்து வரும் பட்டையும் மெதுவாக ஊர்ந்துகொண்டே இருக்கும். அது எந்தப் பக்கம் ஊர்கிறது என்று ஐந்து நிமிடம் பார்த்தால், கல்லாப்பெட்டியை எப்போது தொடும் என்று சொல்லிவிடலாம். மாதமும் முக்கியம். மே மாதத்துப் பட்டையை நம்பி டிசம்பரில் அதே பெஞ்சில் உட்கார்ந்து மூன்று டீ குடித்தேன். சூரியன் தெற்கே போய்விட்டதால் பட்டை எதிர்ச்சாரிக்குப் போய்ப் பூட்டிய ஷட்டர் மேல் விழுந்தது. மாஸ்டர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "இன்னாண்ணா, கரென்ட் கட்டா?"

5. பின்னணி

பட்டை விழும் இடத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஆவி, தூசி, தண்ணீர்த் துளி எல்லாம் பின்னாலிருந்தோ பக்கத்திலிருந்தோ வெளிச்சம் பட்டு, பின்புலம் இருட்டாக இருந்தால்தான் தெரியும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் ஆவி கிடையாது.

மாஸ்டரின் தலைக்குப் பின்னால் சிப்ஸ் பாக்கெட் சரம் தொங்கினால் இரண்டடி இடது பக்கம் நகருங்கள், அல்லது குனியுங்கள். சரத்தைக் கழற்றச் சொல்லாதீர்கள். ஜூம் செய்து வெட்டவும் வேண்டாம். போனில் தூரத்தை நெருக்கிக் காட்டும் தனி டெலி லென்ஸ் இல்லையென்றால் ஜூம் என்பது படத்தை இழுத்துப் பெரிதாக்குவதுதான். காலை நகர்த்துவதற்கு அது ஈடாகாது.

6. வெளிச்ச அளவைப் பூட்டுவது

கேமரா எதைப் பார்த்தாலும் அதைச் சராசரிச் சாம்பல் ஆக்கப் பார்க்கும். இருட்டுக் கடையைக் காட்டினால், "இருட்டாக இருக்கிறதே" என்று மொத்தத்தையும் தூக்கிவிடும். அப்போது அந்தச் சின்னப் பட்டை வெந்து வெள்ளையாகிவிடும். அதில் தோலும் இருக்காது, சட்டை மடிப்பும் இருக்காது. வெந்துபோன வெள்ளையைப் பிறகு மீட்க முடியாது. இருட்டை ஓரளவு மீட்கலாம். அதனால் எப்போதும் வெளிச்சத்துக்கு அளந்து, இருட்டை அதன் போக்கில் விட்டுவிடுங்கள்.

செய்முறை இதுதான். பட்டை விழுந்திருக்கும்போது திரையில் அந்த இடத்தை விரலால் அழுத்திப் பிடியுங்கள். பூட்டுக் குறியோ, பூட்டப்பட்டது என்ற எழுத்தோ வரும். பக்கத்தில் தெரியும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுங்கள். திரையில் படம் உங்களுக்குப் பிடிக்காத அளவுக்கு இருட்டாகத் தோன்றும் இடம்தான் சரியான இடம். பிள்ளைகள் இங்கேதான் பயந்து மறுபடி மேலே தள்ளுவார்கள்.

டீக்கடைப் பட்டை இருபது நொடிதான் இருக்கிறது, அதற்குள் எப்படிப் பூட்டுவது? முதல் நாள் படம் எடுக்காதீர்கள். அளவை மட்டும் எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஷட்டர் வேகம் போன்றவற்றை நாமே எண்ணாக வைக்கும் புரோ மோடு இருந்தால், அந்த எண்களை மறுநாள் பஸ் வருமுன்பே போட்டு வைக்கலாம். புரோ மோடு இல்லையென்றால் வெளியே வெயில் விழும் சுவரில் பூட்டிவிட்டு உள்ளே திருப்புங்கள். கண்ணாடியில் பட்டு வரும் பட்டை நேர் வெயிலைவிட மங்கல்தான், அதனால் சூரியக் குறியைக் கொஞ்சம் மேலே ஏற்ற வேண்டியிருக்கும்.

நிறத்தையும் பூட்ட வேண்டும், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் ஜூன் மாதம் பழுத்த பழக் குவியலுக்குப் பக்கத்தில் குனிந்து தரம் பிரிப்பவரின் தாடையில் மஞ்சள் வெளிச்சம் ஏறியிருக்கும். கண்ணுக்கு நன்றாகத் தெரியும். போன் அதைக் கோளாறு என்று நினைத்து மஞ்சளைக் கழித்துவிடும். நிறத்தைச் சரிக்கட்டும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவிலிருந்து எடுத்து, சூரியப் படம் போட்ட பகல் வெளிச்சத்தில் வையுங்கள், அல்லது 5500 கெல்வின் சுமாருக்கு. அதே மண்டியில் நீலத் தார்ப்பாய்க்குக் கீழே எல்லார் முகமும் நீலமாக இருக்கும். அது பிடிக்காவிட்டால் அமைப்பை மாற்றிப் பயனில்லை, இடத்தைத்தான் மாற்ற வேண்டும்.

7. ஷட்டர் வேகம்

படம் பதிய ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதுதான் இது. நடப்பவருக்கு நொடியில் 250-இல் ஒரு பங்கு, அதாவது 1/250 போதும். டீ ஆற்றும் கைக்கு 1/500. தெறிக்கும் தண்ணீர்த் துளிக்கு 1/1000. வேகம் கூட்டினால் படம் இருளும். வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் ஐஎஸ்ஓ எண்ணை ஏற்றிக்கொள்ளுங்கள். புள்ளி புள்ளியாக வந்தாலும் பரவாயில்லை, குலைந்த படத்தைவிட மேல்.

புரோ மோடு இல்லாத போனில், நல்ல வெளிச்சமுள்ள இடத்தில் அளந்து பூட்டினாலே போன் தானாக வேகம் கூட்டிக்கொள்ளும். நைட் மோடு தானாக விழுந்தால் அணையுங்கள். அது பல படங்களை ஒன்றாகச் சேர்க்கிறது, அசைகிற கை பேயாகிவிடும்.

கடையில் எல்இடி பல்பு எரிந்தால் திரையில் கோடு ஓடலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு நூறு தடவை துடிக்கும். 1/100-இல் வைத்தால் கோடு போகும், ஆனால் கை குலையும். பல்பு வெளிச்சம் படாத மூலையைத் தேடுவதுதான் நல்லது.

8. காத்திருந்து அழுத்துவது

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நின்று போகும் இடம் உண்டு. டீ ஆற்றும் கை மேலே போய்க் கீழே இறங்கும் முன் ஒரு கணம் நிற்கும். ராகி புடைக்கும் முறம் உச்சியில் ஒரு கணம் நிற்கும். ஊஞ்சலும் அப்படித்தான். அந்தக் கணத்தைப் பார்த்த பிறகு அழுத்தினால் தாமதம். கை மேலே ஏறும்போதே அழுத்துங்கள்.

எடுக்காமல் பத்துத் தடவை பாருங்கள். தாளம் உங்கள் கைக்கு வந்துவிடும். பதினொன்றாவது தடவை மூன்று நான்கு படம் தொடராக எடுங்கள். நூறு எடுக்காதீர்கள். பிறகு உட்கார்ந்து பார்க்க நீங்களே சோம்பல் படுவீர்கள்.

எடுத்ததும் திரையில் பார்க்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது. அந்த மூன்று நொடியில்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் வாய்விட்டுச் சிரித்திருப்பார்.

9. ஆட்களோடு

டீக்கடை, சந்தை, திண்ணை எங்கே போனாலும் முதலில் போய் நில்லுங்கள், பேசுங்கள், ஒரு டீ வாங்குங்கள். போன் பையிலேயே இருக்கட்டும். கால் மணி நேரத்தில் உங்களை மறந்துவிடுவார்கள். "அண்ணா, வேலை செய்றப்ப ஒரு படம் எடுத்துக்கட்டுமா? போஸ் குடுக்க வேணாம்" என்று கேட்டால் அனேகமாக மறுப்பதில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம்தான், தூரப்போய் ஒளிந்து எடுக்காதீர்கள். அடுத்தவர் பிள்ளைகளை எடுக்கும் முன் பெற்றோரிடம் கேளுங்கள். ஆற்றங்கரையில் குளிப்பவர்கள் பக்கம் போனைத் திருப்பவே வேண்டாம்.

10. இரண்டு இடங்கள்

தருமபுரி பட்டுக்கூடு அங்காடி. வெண்ணிறக் கூடுகள் குவிந்த தட்டு என்பது நாம் வாசலில் பிடித்த வெள்ளைத் துண்டுதான், அதைவிடப் பெரியது. ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டு, குனிந்து பார்ப்பவரின் முகத்தைக் கீழிருந்து நிரப்பும். வாங்க வந்தவர் ஒரு கூட்டை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்ப்பார். கண் ஒரு கணம் தட்டை விட்டு விலகும். அந்தக் கணம்தான் படம். ஜன்னல் ஓரத்துத் தட்டாகப் பார்த்து நில்லுங்கள். உள்ளே போகுமுன் அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள். ஏலம் நடக்கும்போது குறுக்கே நிற்காதீர்கள், அவர்களுக்கு அது பல வார உழைப்புக்கு விலை கிடைக்கும் நேரம்.

வெள்ளை நிறைந்த இடத்தில் கேமரா எதிர்த்திசையில் தவறும். எல்லாவற்றையும் சாம்பலாக்கி இருட்டடிக்கும். இங்கே சூரியக் குறியைக் கொஞ்சம் மேலே தள்ளுங்கள். தட்டிலுள்ள கூடு வெந்துபோகாத அளவுக்கு.

ஒகேனக்கல். அருவியை விட்டுவிடுங்கள், அதை எல்லாரும் எடுக்கிறார்கள். பரிசல் பாறைச் சுவர்களுக்கு நடுவே போகும்போது சுவரைப் பாருங்கள். தண்ணீரில் பட்ட வெயில் பாறையில் வலை வலையாக நெளியும். பரிசல்காரர் துடுப்புப் போடும்போது அலை கலைந்து, அந்த வலை அவர் கழுத்துக்கும் ஏறும். பரிசல் சுழலும், ஆகவே பூட்டிய அளவு ஒரு சுற்றில் கெட்டுவிடும். பாறைப் பக்கம் திரும்பும் ஒவ்வொரு தடவையும் புதிதாக அளக்க வேண்டியிருக்கும். போனுக்குக் கழுத்துக் கயிறு கட்டுங்கள். உயிர்காப்பு உடையைப் படத்துக்காகக் கழற்றாதீர்கள், எழுந்து நிற்கவும் கூடாது. நீர்வரத்து கூடினால் பரிசலை நிறுத்திவிடுவார்கள், கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

11. வீட்டுக்கு வந்த பிறகு

அன்றைக்கே தேர்ந்தெடுக்காதீர்கள். எடுத்த சந்தோஷம் கண்ணை மறைக்கும். இரண்டு நாள் கழித்து, போனின் வெளிச்சத்தைப் பாதியாக வைத்துப் பாருங்கள். சிறு உருவில் பார்க்கும்போதே கண் போய் நிற்கிற படங்களை மட்டும் வையுங்கள். எனக்கு நூற்றில் மூன்று தேறினால் நல்ல நாள்.

திருத்தம் செய்வதில் ஒரே எச்சரிக்கைதான். இருட்டுப் பகுதியைத் தூக்கும் ஷேடோ பட்டியைத் தொடாதீர்கள். ஆறாம் படியில் பாடுபட்டு இருட்டாக விட்டதை ஒரே இழுப்பில் சாம்பலாக்கிவிடும். வேண்டுமானால் வெளிச்சப் பகுதிக்கான ஹைலைட்டைக் கொஞ்சம் இறக்கி, சாய்ந்த கோட்டை நேராக்கி நிறுத்திக்கொள்ளுங்கள்.

தேறியதில் ஒன்றை 4-க்கு 6 அளவில் பிரின்ட் போட்டு, படத்தில் இருப்பவரிடம் கொடுங்கள். போனில் அனுப்பினால் போதாது, கையில் கொடுங்கள். நான் கொடுத்த படத்தை மாஸ்டர் சாமி படத்துக்குக் கீழே செருகி வைத்திருக்கிறார். ஆவி பட்டு ஓரம் சுருண்டுவிட்டது. இப்போதெல்லாம் பஸ் வரும் சத்தம் கேட்டதும் அவரே சிப்ஸ் சரத்தை ஒதுக்கிவிட்டு, "வருதுண்ணா, ரெடியா?" என்கிறார்.